தண்ணீர் வருமா என்று தெரியாத நாளில் குழுவை நடத்துவது: டெல்டாக்காரர்களுக்கு ஒரு பௌத்தப் பயிற்சி

காவிரி டெல்டாவில் ஒரு சங்கத்தையோ குழுவையோ ஊராட்சியையோ முன்னின்று நடத்துகிறவருக்கு வருஷத்தில் பாதி நாள் கையில் உறுதியான பதில் இருக்காது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வந்து சேரும், குறுவை போடலாமா இல்லை ஒரேயடியாகச் சம்பாவுக்குக் காத்திருக்கலாமா, ஐப்பசி மழை நட்ட பயிரை விட்டுவைக்குமா, அறுத்த நெல்லை ஈரம் என்று திருப்பி அனுப்பாமல் எடுப்பார்களா என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். 2022-ல் மே 24-லேயே அணையைத் திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம், அந்த இரண்டு மாதமும் ஊர் கேட்கிற கேள்வி உங்களிடம்தான் வந்து விழும்.

பதில் தெரியவில்லை என்பதால் மட்டும் எந்தக் குழுவும் கெட்டுப்போவதில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் நமக்கு வயிறு இறுகி, அந்த இறுக்கம் தாங்காமல் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிடுகிறோமே, அல்லது எரிந்து விழுகிறோமே, அங்கேதான் கெடுகிறது. அதனால் தலைவராக இருப்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வயிற்று இறுக்கத்தை அடையாளம் காண்பதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புத்தர் சொல்லிக்கொடுத்த பயிற்சி சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறது. தியானமே செய்து பழக்கமில்லாத உழவர் குழுத் தலைவர், மகளிர் குழு ஊக்குநர், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்காரர், தலைமையாசிரியர், மீனவப் பஞ்சாயத்தார் யாராக இருந்தாலும் இன்றைக்கே தொடங்கலாம்.

அடிப்படை கொஞ்சம்

புத்தரின் உரை ஒவ்வொன்றையும் பாலி மொழியில் சுத்தம் என்பார்கள், அவற்றின் தொகுப்பை நிகாயம் என்பார்கள். மஜ்ஜிம நிகாயத்தின் 10-வது சுத்தம் சதிபட்டான சுத்தம். குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் புத்தர் சொன்னது. நான்கைக் கவனிக்கச் சொல்கிறார்: உடல், உடலிலும் மனத்திலும் எழும் இனிய, இன்னாத, இரண்டுமில்லாத உணர்வுகள், மனத்தின் நிலை, கடைசியாக மனத்தை மறைக்கிற, தெளிவிக்கிற விஷயங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மனம் புரட்டும், உடல் புரட்டாது. பயமாக இல்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உள்ளங்கை வியர்ப்பதை மறைக்க முடியாது. அதனால் உடலில் தொடங்குகிறோம்.

இது நம் மண்ணுக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூம்புகாரில் பௌத்த விகாரையின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், மணிமேகலையின் கதை தொடங்குவதும் அந்த ஊரில்தான். 5-ம் நூற்றாண்டு வாக்கில் உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிக் கரை விகாரைகளில் தங்கிப் பாலி நூல்கள் எழுதினார். முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருவாய் போனது. அந்த நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். பயிற்சி செய்ய மதம் மாற வேண்டியதில்லை. நெற்றியில் திருநீறு இருந்தாலும் கழுத்தில் சிலுவை இருந்தாலும் ஐந்து வேளை தொழுகை இருந்தாலும் இதில் எதுவும் இடிக்காது.

முதல் படி: 10 நிமிஷம் உட்காருங்கள்

காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால். இது ஒன்றுதான் கண்டிப்பான விதி, ஏனென்றால் போனை எடுத்த பிறகு அன்றைக்கு உங்கள் மனம் உங்களுடையது இல்லை. திண்ணை, மாடி, பம்பு செட் கொட்டகை எங்கே வேண்டுமானாலும் சரி. சம்மணம் போட முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் நாற்காலியில் பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருங்கள், முதுகு சாயாமல் இருந்தால் போதும். மார்கழியில் கொசு பிடுங்கி எடுக்கும், கொசுவலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதில் தப்பே இல்லை.

இப்போது மூச்சு. மூக்கு நுனியில் காற்று படுவதைக் கவனிப்பது ஒரு முறை, பர்மாவின் மகாசி சயாடோ வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது இன்னொரு முறை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதமாவது அதிலேயே இருங்கள், தினம் ஒன்றாக மாற்ற வேண்டாம். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள், அவர்களுக்கு மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் பழக்கம். இதில் அப்படி எதுவும் கிடையாது. சுத்தம் சொல்வது இவ்வளவுதான்: நீண்ட மூச்சு விடும்போது நீண்ட மூச்சு என்று தெரிந்திருக்கிறான், குறுகிய மூச்சு விடும்போது குறுகிய மூச்சு என்று தெரிந்திருக்கிறான். குறுகிய மூச்சை நீட்டச் சொல்லவில்லை.

மனம் ஓடும். உரம் வந்ததா, நாளைக்கு ஆள் வருவார்களா, பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்புவதுதான் பயிற்சி, அசையாமல் இருப்பது பயிற்சி இல்லை. தனக்குத் தியானம் வராது என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் விட்டவர்கள்.

இரண்டாம் படி: உடலில் எங்கே பிடிக்கிறது?

ஒரு வாரம் மூச்சு பழகிய பிறகு அதே 10 நிமிஷத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். உள்ளங்காலில் தொடங்கி கணுக்கால், முழங்கால், இடுப்பு, வயிறு, மார்பு, தோள், தொண்டை, தாடை, நெற்றி என்று கவனத்தை மெல்ல மேலே நகர்த்துங்கள். எங்கே சூடு, எங்கே இறுக்கம், எங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டு போனால் போதும், எதையும் தளர்த்த முயல வேண்டாம். 1979-ல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்துக்காகத் தொடங்கிய 8 வாரப் பயிற்சியிலும் உடலை இப்படி வலம் வருவது முக்கியமான பாடம்.

கவலை எல்லோருக்கும் ஒரே இடத்தில் உட்காராது. எனக்குத் தாடையில், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வெகு நேரம் கழித்துத்தான் தெரியும். சிலருக்கு மேல்வயிறு, சிலருக்குப் பிடரி, சிலருக்குக் குரல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். உங்களுடைய இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பயிற்சியில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஏனென்றால் இனிமேல் கூட்டத்தில் நீங்கள் கோபப்படப் போவதை உங்கள் உடல் முன்கூட்டியே சொல்லிவிடும்.

உட்கார நேரமே இல்லை என்பவர்களுக்கு வரப்பு இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். குதிகால் பதிவது, ஈர மண் விரலிடுக்கில் பிதுங்குவது, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது இடுப்பு லேசாகச் சாய்வது, வழுக்குகிற இடத்தில் கட்டைவிரல் தானாகவே மண்ணைக் கவ்வுவது. மடையிலிருந்து வயலின் அந்தக் கோடி வரைக்கும் இதை மட்டும் கவனித்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள். நடப்பது, நிற்பது, குனிவது, கையை நீட்டுவது, மடக்குவது எல்லாவற்றையும் சுத்தம் பயிற்சியாகவே எண்ணுகிறது. அதே பட்டியலில் பேசுவதும் பேசாமல் இருப்பதும் வருகின்றன. தலைவர்களுக்கு அந்த இரண்டும்தான் கடினம்.

மூன்றாம் படி: இரண்டு அம்புகள்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

சம்யுத்த நிகாயத்தில் சல்லத்த சுத்தம் என்று ஒன்று உண்டு. ஒருவன் மேல் ஓர் அம்பு பாய்கிறது, வலிக்கிறது. பயிற்சியில்லாதவன் அந்த வலியை வைத்துப் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான். பயிற்சியுள்ளவனுக்கும் முதல் அம்பு வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் அவன் ஒரு வலியோடு நிற்கிறான்.

இதை அறுவடை நேரத்துக் கொள்முதல் நிலையத்தில் வைத்துப் பாருங்கள். குழுவில் இருப்பவர்களின் நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது, கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, ஈரப்பதம் பார்க்கிற கருவி 19 காட்டுகிறது. 17-க்கு மேல் போனால் பொதுவாக எடுக்கமாட்டார்கள். அந்த 19 என்ற எண்ணும், நெல்லை மறுபடி கிளறிக் காயவைக்க வேண்டிய கூலியும், இன்னும் ஒரு ராத்திரி தார்ப்பாய்க்குக் காவல் கிடக்க வேண்டியதும் முதல் அம்பு. இது நிஜம், இதை எந்தத் தியானமும் மாற்றாது. அப்புறம் ஒரு நொடிக்குள் இரண்டாவது அம்பு கிளம்புகிறது. நம்ம நெல்லுக்குத்தான் இப்படிச் செய்கிறார்கள், போன போகமும் இதே கதைதான், என்னை நம்பி வந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், இந்தப் பதவியே வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே. முகம் சூடாகிறது, மூச்சு மேலுக்கு ஏறி நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அந்த நிலையில் பட்டியல் எழுத்தரிடம் நீங்கள் பேசும் முதல் வார்த்தை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அதற்கப்புறம் அன்றைக்கு அந்த இடத்தில் உங்கள் பேச்சு எடுபடாது என்பதும் உங்களுக்கே தெரியும்.

அந்த நொடியில் செய்ய வேண்டியது இதுதான். பேசாதீர்கள். பாதம் தரையில் அழுந்துவதை உணருங்கள். முகத்துச் சூட்டையும் நெஞ்சு இறுக்கத்தையும் நேராகப் பார்த்து, மனசுக்குள் ‘இன்னாதது’ என்று மட்டும் பெயர் சொல்லுங்கள். யாரால் வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் அப்போது வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும், அது உடம்பின் இயல்பு. அதனால் இரண்டு மூன்று மூச்சு மட்டும் வெளிமூச்சை மெதுவாக விடுங்கள். காலைப் பயிற்சியில் மூச்சை மாற்றக் கூடாது என்று சொன்னேன், இங்கே மட்டும் விதிவிலக்கு. சூடு ஏறி, உச்சிக்குப் போய், கொஞ்சம் இறங்குவது தெரியும். முழுக்க இறங்கக் காத்திருக்க வேண்டாம். இறங்கத் தொடங்கியதும் வேலையைப் பாருங்கள்: மறுபடி எப்போது கருவி வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள், வரிசையில் நம் இடம் போகாமல் இருக்க என்ன வழி என்று கேளுங்கள், இரண்டு பேரை நெல் கிளற அனுப்புங்கள், ஒருவரைத் தார்ப்பாய்க்கு அனுப்புங்கள். அதே கேள்விகள்தான், ஆனால் குரல் வேறாக இருக்கும், உங்கள் பின்னால் நிற்பவர்களுக்கு அது உடனே தெரியும்.

இதைப் பெரிய நாளில் முதன்முதலாக முயன்றால் வராது. பேருந்து வராமல் போவது, மின்சாரம் நின்று மோட்டார் ஓயும்போது வருகிற எரிச்சல், பையன் சொன்ன பேச்சைக் கேட்காதது என்று சின்னச் சின்ன அம்புகளில் தினமும் பழகுங்கள்.

நான்காம் படி: மனத்துக்குப் பெயர் வையுங்கள்

சுத்தம் ஐந்து தடைகளைச் சொல்கிறது: ஆசை, வெறுப்பு, சோம்பலும் மந்தமும், அலைபாய்தலும் வருத்தமும், ஐயம். நிச்சயமில்லாத காலத்தில் கடைசி இரண்டும்தான் நாற்காலி போட்டு உட்காரும். அலைபாயும் மனம் மும்முரமான வேலை போலவே தோன்றும், இருபது பேருக்குப் போன் அடிக்கும், வாட்ஸ்அப்பில் வந்த வானிலைச் செய்தியைச் சரிபார்க்காமல் அப்படியே குழுவுக்குத் தள்ளிவிடும். ஐயம் நிதானம் போலவே தோன்றும், இன்னும் ஒரு தகவல் வரட்டும் என்று நாற்றங்கால் நாளைத் தள்ளிக்கொண்டே போகும். முடிவு எடுப்பதற்கு முன் இப்போது எது என்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் வைத்தாலே பிடி கொஞ்சம் தளரும்.

ஐந்தாம் படி: கூட்டம்

இவ்வளவும் பழகுவது இதற்காகத்தான். கூட்டத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகப் போய் உட்காருங்கள், பாதத்தை உணருங்கள், உங்கள் இடம் (தாடையோ வயிறோ) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இறுகியிருந்தால் இறுகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

அங்குத்தர நிகாயத்தில் நல்ல பேச்சுக்கு ஐந்து அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது: காலம் அறிந்து பேசுவது, உண்மையைப் பேசுவது, மென்மையாகப் பேசுவது, பயனுள்ளதைப் பேசுவது, அன்போடு பேசுவது. தண்ணீர் தேதி தெரியாத கூட்டத்தில் உண்மையும் மென்மையும் சேர்ந்து வருவதுதான் கஷ்டம், அதனால் பேச்சை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது கூடுகிறோம். பேசினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அண்ணே, அக்கா, எல்லாரும் கேட்டுக்குங்க. அணை எப்பத் திறப்பாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் அறிவிப்பு வரலை, எனக்கும் தெரியாது. போர்வெல் வச்சிருக்கறவங்க நாத்து விடறதுன்னா விடலாம். ஆத்துத் தண்ணிய மட்டும் நம்பி இருக்கறவங்க வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் விதை நெல்ல நனைக்க வேணாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே இடத்துல கூடுவோம், அறிவிப்பு வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “தெரியாதுன்னு சொல்லவா தம்பி எங்கள வேலையைக் கெடுத்துக் கூப்பிட்ட?” என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். அப்போது காது சூடாகும், பதிலுக்கு ஒன்று நாக்கு நுனி வரை வரும். அந்தச் சூட்டை உணர்கிற ஒரு மூச்சு நேரத்துக்காகத்தான் இத்தனை நாள் காலையில் உட்கார்ந்தீர்கள். “ஆமா சித்தப்பா. தெரியாதத தெரியும்னு சொல்லி உங்க விதை நெல்ல வீணாக்க எனக்கு மனசு வரலை” என்று அமைதியாகச் சொல்ல முடிந்தால் கூட்டம் நிற்கும். வெள்ளிக்கிழமை வரும் என்ற ஒன்றாவது உறுதியாகக் கையில் இருக்கிறதே, ஜனங்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிவைக்காதீர்கள்.

கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு நிமிஷ அமைதியும் வைக்கலாம். தியானம் என்று அறிவித்தால் பாதிப் பேர் நெளிவார்கள், “ஒரு நிமிஷம் சும்மா இருப்போம், அப்புறம் பேசுவோம்” என்று சொன்னால் யாருக்கும் மறுப்பு இருக்காது.

கவனிக்க வேண்டிய இரண்டு

ஒன்று, கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய பயம் மேலே வரும். 2004 டிசம்பர் 26 நாகப்பட்டினக் கரையிலிருந்து, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் உங்கள் குழுவில் இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், மூச்சைக் கவனிக்கவும் சொல்லாதீர்கள். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பாதத்தையும், எதிரே இருக்கிற மரத்தையும், காதில் விழுகிற சத்தத்தையும் கவனித்தால் போதும். படபடப்பு அடங்காமல் தூக்கம் கெட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இரண்டாவது, அமைதியாக இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். உபேக்கா எனும் சமநிலைக்கு அருகிலேயே அக்கறையின்மை என்ற பகை ஒளிந்திருக்கிறது, இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும் என்று புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பழைய பாலி நூல் எச்சரிக்கிறது. காவிரி நீர்ப் பங்கைக் கேட்டு மனுக் கொடுப்பதும், பயிர்க் காப்பீட்டுத் தொகைக்காக அலுவலகம் ஏறி இறங்குவதும், தேவைப்பட்டால் சாலையில் உட்காருவதும் உங்கள் வேலை, அதைக் குறைக்க இந்தப் பயிற்சியில் இடமில்லை. நடுங்காத கையால் எழுதிய மனுவுக்கு வலு அதிகம்.

இன்னும் ஆழமாகப் போக

இரண்டு மூன்று மாதம் விடாமல் பழகிய பிறகு ஆசிரியர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பர்மாவிலிருந்து 1969-ல் இந்தியா வந்த கோயங்கா பரப்பிய விபஸ்ஸனா வழியில் 10 நாள் முகாம்கள் நடக்கின்றன, சென்னை திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ள எதற்கும் கட்டணம் இல்லை, முகாமை முடித்தவர்கள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாளிலிருந்து உடல் முழுக்க. பேச்சு கிடையாது. நேரடியாகச் சொன்னால் கடினமான முகாம், முதல் இரண்டு மூன்று நாளில் மூட்டை கட்டத் தோன்றும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

நாள் குறிக்கும்போது நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். சம்பா, தாளடி அறுத்து நெல் போட்டு முடிந்து, வயல் காய்ந்து கிடக்கிற பங்குனி சித்திரைதான் தோது. உளுந்து பயறு பறிப்பு இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். 10 நாளும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் சங்கத்தின் வரவு செலவு நோட்டு, கடை சாவி, வங்கிக் கையெழுத்து எல்லாவற்றுக்கும் துணைத் தலைவரைப் பொறுப்பாக்கிவிட்டு, வீட்டில் அவசரத்துக்கு மையத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.